அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது?

உங்கள் தெருவில் பழைய வீடு ஏதேனும் இருந்தால் அதன் மொட்டை மாடியை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். துருப்பிடித்த குழாயின் உச்சியில், மீன்முள்ளைப் போன்ற அலுமினியக் கம்பிகள் இன்னும் நின்றுகொண்டிருக்கலாம். 1980-களில் தொலைக்காட்சி நம் ஊர்களுக்கு வந்தபோது வைத்த ஆன்டெனா அது. அதைத் திசை பார்த்து நிறுத்துவது ஒரு குடும்பத்தின் கூட்டு முயற்சியாக இருந்தது. ஒருவர் மாடியில் குழாயைப் பிடித்து மெல்லத் திருப்புவார். இன்னொருவர் கீழே பெட்டியின் முன் உட்கார்ந்துகொண்டு, "தெரியுது, தெரியுது... ஐயோ, போயிடுச்சு! பழையபடி திருப்புங்க மாமா!" என்று கூவுவார்.

கொடைக்கானல் மலைமேல் தூர்தர்ஷன் ஒளிபரப்பு நிலையம் அமைந்த பிறகு, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மீன்முட்கள் வடக்கு நோக்கித் திரும்பின. வத்திராயிருப்பை அடுத்துள்ள வ. புதுப்பட்டியிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 70 கி.மீ. தொலைவில், வடக்கிலிருந்து சற்றே மேற்காக இருக்கிறது. இவ்வளவு அருகில் உள்ள நிலையத்தைக் கூவிக் கூவியே கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் நாம் பேச விரும்பும் நண்பர் 70 கி.மீ. தொலைவில் இல்லாமல், பூமிப்பந்தின் மறுபக்கத்தில் இருந்தால் என்ன செய்வது? அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இருந்தால் ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது? இந்த வரியைப் படித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி அமெரிக்கா இருக்கும் திசையைக் காட்டுங்கள். காட்டிய திசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மாடியில் ஒரு வானொலி நிலையம்

வானொலியில் பேசுவதையும் பரிசோதனை செய்வதையும் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இவர்களை அமெச்சூர் வானொலியாளர்கள் என்றும், சுருக்கமாக 'ஹாம்' என்றும் அழைப்பர். அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே சிறு நிலையம் அமைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் மற்ற ஹாம்களுடன் பேசலாம். இதில் வாணிகம் கூடாது.

என் மாணவர் ஒருவர் வ. புதுப்பட்டியைச் சேர்ந்தவர். உரிமம் பெற்றதும் தம் வீட்டு மாடியில் 21 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கான யாகி ஆன்டெனா ஒன்றைக் கட்டினார். பழைய தொலைக்காட்சி மீன்முள்ளும் இதே இனந்தான். 1926-இல் ஜப்பானைச் சேர்ந்த ஷிண்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி என்ற இருவர் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினர். டார்ச் விளக்கின் பின்னால் உள்ள குழியாடி ஒளியை ஒரு பக்கமாகத் திருப்புவதுபோல, யாகியின் முன்னும் பின்னும் உள்ள கம்பிகள் வானொலி அலையை ஒரு பக்கமாகத் திரட்டி அனுப்புகின்றன. அதே பக்கத்திலிருந்து வரும் அலையை நன்றாகவும் வாங்குகின்றன. 21 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 14 மீட்டருக்குச் சற்று அதிகம். கம்பிகள் அதில் பாதி, அதாவது ஏறக்குறைய 7 மீட்டர் இருக்க வேண்டும். அத்தகைய மூன்று அலுமினியக் குழாய்களை ஏற்றி நிறுத்துவது சிறிய வேலை அல்ல.

சில வாரங்கள் கழித்து அவர் என்னிடம் வந்தார்.

"சார், அரபு நாடுகள் நன்றாகக் கேட்கின்றன. ஆப்பிரிக்காவும் கேட்கிறது. அமெரிக்கா மட்டும் கேட்கவே மாட்டேன் என்கிறது."

"ஆன்டெனாவை எந்தப் பக்கம் வைத்திருக்கிறாய்?"

"மேற்குப் பக்கம் சார், கொஞ்சம் வடக்கே சாய்த்து. சுவரில் உலகப் படம் இருக்கிறது. நம் ஊரிலிருந்து நியூயார்க்குக்கு அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, கோணமானியால் அளந்தேன்."

கோடு போட்டதில் பிழை இல்லை. அளந்ததிலும் பிழை இல்லை. ஆனாலும் ஆன்டெனா ஐம்பது பாகை தவறிய திசையில் நின்றது! பிழை எங்கே இருந்தது என்பதைக் காண்போம்.

தாளும் பந்தும்

ஒரு பூகோள உருண்டையையும் ஒரு நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனையைத் தமிழகத்தின் தென்பகுதியிலும் மறு முனையை நியூயார்க்கிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் தளர்வில்லாமல் விறைப்பாக நிற்கும்போது அது செல்லும் வழியே இரண்டு ஊர்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழி. அந்த நூல் அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே போவதில்லை. மத்திய ஆசியா, ரஷ்யா, ஸ்காண்டிநேவியா, ஐஸ்லாந்து எனப் பூமியின் வடபகுதியில் ஏறி, கிரீன்லாந்தின் தென்முனையை ஒட்டி இறங்கி, கிழக்குக் கனடா வழியாக நியூயார்க்கை அடைகிறது.

இந்த வழி ஒரு பெருவட்டத்தின் பகுதியாகும். பூமியின் மையத்தின் வழியாக ஒரு கத்தியைச் செலுத்தி உருண்டையை இரண்டு சமபாதியாக வெட்டினால், வெட்டுவாயின் விளிம்பே பெருவட்டம். உருண்டையின்மேல் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி எப்போதும் பெருவட்டத்தின்மீதே அமையும்.

அப்படியானால் சுவர்ப்படம் ஏன் வேறு வழியைக் காட்டியது? ஆரஞ்சுப் பழத்தின் தோலைக் கிழிக்காமல் மேசைமேல் தட்டையாகப் பரப்ப முடியுமா? முடியாது. உருண்டையான பூமியைத் தாளில் வரையும் எவரும் தூரம், பரப்பு, கோணம், வடிவம் ஆகியவற்றுள் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். 1569-இல் மெர்கேட்டர் என்பவர் கப்பலோட்டிகளுக்கென ஒரு கோட்டுச்சட்டத்தை வகுத்தார். அதில் போடும் நேர்கோடு, காந்த ஊசியில் ஒரே கோணத்தை விடாமல் பிடித்துக்கொண்டு செல்லும் வழியைக் காட்டும். மாலுமிக்கு அது வசதி. ஆனால் அது குறுகிய வழி அல்ல.

வ. புதுப்பட்டி ஏறக்குறைய 9.6 பாகை வட அட்சத்திலும் 77.6 பாகை கிழக்குத் தீர்க்கத்திலும் உள்ளது. அங்கிருந்து நியூயார்க்குக்கு மெர்கேட்டர் படத்தில் நேர்கோடு போட்டால் திசைக்கோணம் 283 பாகை வருகிறது. (வடக்கைச் சுழியாகக் கொண்டு வலஞ்சுழியாக எண்ண வேண்டும். கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270.) பெருவட்டத்தின்படி கணக்கிட்டாலோ 334 பாகை வருகிறது. வேறுபாடு 51 பாகை. முதல் வழியின் நீளம் 15,300 கி.மீ.க்கும் அதிகம், இரண்டாவது 13,700 கி.மீ.தான்.

வானொலி அலை மாலுமியைப்போலக் காந்த ஊசியைப் பார்த்துக்கொண்டு போவதில்லை. ஆன்டெனாவை விட்டுக் கிளம்பிய அலை நேராகச் செல்கிறது. தரைக்கு மேலே சில நூறு கி.மீ. உயரம் வரை பரவியுள்ள அயனி மண்டலத்தில் வளைந்து கீழே இறங்குகிறது. தரையில் பட்டு மீண்டும் மேலே ஏறுகிறது. இப்படித் தாவித் தாவிச் சென்றாலும், இடப்பக்கமோ வலப்பக்கமோ அதிகம் விலகுவதில்லை. ஆகவே அதன் பாதை பெருவட்டத்தை ஒட்டியே அமைகிறது.

இன்னொரு வியப்பையும் கேளுங்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோவுக்கு வ. புதுப்பட்டியிலிருந்து திசைக்கோணம் 20 பாகை. சீனா, சைபீரியா, அலாஸ்கா வழியே அந்தப் பாதை செல்கிறது. கிழக்குக் கரை வடக்கிற்கு இடப்பக்கம். மேற்குக் கரை வடக்கிற்கு வலப்பக்கம். அதாவது, அமெரிக்கா நமக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருக்கிறது!

திசையைக் கணக்கிடும் இந்தச் சிக்கல் புதிதன்று. தொழும்போது மக்காவை நோக்க வேண்டும் என்பதால், இஸ்லாமிய உலகின் கணித அறிஞர்கள் கோள முக்கோணவியலை வளர்த்தனர். ஆப்கானிஸ்தானின் கஜினி நகரிலிருந்து மக்கா எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை 11-ஆம் நூற்றாண்டிலேயே அல்பெரூனி கணக்கிட்டார். அவரிடம் இருந்தவை வானத்தைப் பார்த்து அளந்த அளவுகளும் கணிதமுமே.

இணைய வரைபடம் செய்யும் உதவி

இன்று அந்தக் கணக்கை இணைய வரைபடங்கள் நொடியில் செய்துவிடுகின்றன. கூகுள் எர்த் நிரலில் அளவுகோல் போன்ற ஒரு கருவி உண்டு. நம் வீட்டின்மேல் ஒரு புள்ளியும் சேர வேண்டிய ஊரின்மேல் ஒரு புள்ளியும் வைத்தால், இடையிலுள்ள தூரத்தையும் கிளம்பும் திசைக்கோணத்தையும் அது தருகிறது. கூகுள் மேப்ஸில் தூரம் அளக்கும் வசதியைக் கணினியில் பயன்படுத்தினால், நெடுந்தொலைவுக் கோடு வில்லைப்போல வளைந்து தெரியும். பலர் அதைப் பிழை என்று எண்ணுகிறார்கள். அது பிழை அல்ல. அதுவே பெருவட்டம். உருண்டையில் விறைப்பாக நின்ற நூல், தட்டையான படத்தில் வளைந்து தெரிகிறது. நம் நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ 2009-இல் தொடங்கிய புவன் என்ற வரைபடத் தளத்திலும் நம் ஊர்களைச் செயற்கைக்கோள் படங்களாகக் காணலாம்.

நம் ஊரை நடுவில் வைத்து உலகத்தை வரையும் படங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் நடுப்புள்ளியிலிருந்து எந்த ஊருக்கு நேர்கோடு போட்டாலும் அதுவே பெருவட்டம். கோணமும் சரி, தூரமும் சரி. ஐக்கிய நாடுகள் சபையின் சின்னத்தில் உள்ள உலகப் படம் இந்த வகையே. அதில் வட துருவம் நடுவில் இருக்கிறது. வ. புதுப்பட்டியை நடுவில் வைத்து இப்படி ஒரு படம் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால், அளவுகோலும் கோணமானியும் மீண்டும் பயன்படத் தொடங்கிவிடும். அதிலிருந்து எடுத்த சில அளவுகள் இதோ:

டோக்கியோ: 54 பாகை, 6,900 கி.மீ.
போர்ட் பிளேர்: 81 பாகை, 1,670 கி.மீ.
சிட்னி: 126 பாகை, 9,100 கி.மீ.
லண்டன்: 321 பாகை, 8,300 கி.மீ.
நியூயார்க்: 334 பாகை, 13,700 கி.மீ.
சான் பிரான்சிஸ்கோ: 20 பாகை, 14,300 கி.மீ.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருப்பவர்களும் இவற்றை அப்படியே பயன்படுத்தலாம். இருபது கி.மீ. இடம் மாறினால் இந்தக் கோணங்களில் பெரிய மாற்றம் வராது.

மாடியில் 334 பாகை எது?

கோணம் கிடைத்துவிட்டது. ஆனால் மாடியில் நின்றுகொண்டு 334 பாகையை எப்படிக் கண்டுபிடிப்பது? காந்த ஊசியைப் பயன்படுத்தலாம் என்பீர்கள். அதில் இரண்டு தொல்லைகள் உண்டு. காந்த ஊசி காட்டும் வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. நம் பகுதியில் வேறுபாடு ஓரிரு பாகைதான். யாகிக்கு அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இரண்டாவது தொல்லையே பெரியது. மாடித் தளத்துக்குள் இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. பக்கத்தில் தகரக் கொட்டகை இருக்கும். ஆன்டெனாவைத் தாங்கும் குழாயே இரும்பு. இவற்றின் நடுவே காந்த ஊசி சொல்வதை நம்ப முடியாது. செல்பேசியில் உள்ள திசைகாட்டிக்கும் இதே கதிதான்.

இங்கேதான் இணைய வரைபடம் இரண்டாவது முறை உதவுகிறது. நம் வீட்டிலிருந்து நியூயார்க் வரை போட்ட அந்த வளைந்த கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு, படத்தை நம் தெரு தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். செயற்கைக்கோள் படத்தில் கோடு நம் மாடியிலிருந்து கிளம்பி எவற்றின்மேல் செல்கிறது என்று பாருங்கள். குடிநீர்த் தொட்டி, கோயில் கோபுரம், பள்ளிக் கட்டடம், தனியாக நிற்கும் பனைமரம் என ஏதோ ஒன்று தட்டுப்படும். பிறகு மாடியில் ஏறி, அந்த அடையாளத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பிவிட வேண்டியதுதான். காந்த ஊசியும் வேண்டாம், கோணமானியும் வேண்டாம். பதின்மூவாயிரம் கி.மீ. தொலைவில் உள்ள நகரத்தை நானூறு மீட்டர் தொலைவில் உள்ள தண்ணீர்த் தொட்டி காட்டிக்கொடுக்கிறது!

உலகையே தவறாகக் காட்டும் மெர்கேட்டர் படத்தை இங்கே மட்டும் எப்படி நம்புவது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மெர்கேட்டர் படம் தூரத்தையும் பரப்பையும் விட்டுக்கொடுத்தாலும், ஒவ்வொரு புள்ளியிலும் கோணத்தைக் காப்பாற்றுகிறது. ஓர் ஊரின் அளவுக்குள் அதில் அளக்கும் கோணம் தரையில் உள்ள கோணமே. ஆகவே கோடு நம் வீட்டை விட்டுக் கிளம்பும் திசை சரியாகவே இருக்கும். நேர்கோட்டை நாமே நியூயார்க் வரை நீட்டியதுதான் என் மாணவர் செய்த தவறு.

அடையாளம் எதுவும் கிடைக்காவிட்டால் சூரியன் இருக்கிறது. செங்குத்தாக ஒரு குச்சியை நட்டு, நண்பகலில் நிழல் மிகக் குறுகும் நேரத்தில் நிழலின்மேல் கோடு போடுங்கள். அது உண்மையான தென்வடல் கோடு. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கத்தை ஒட்டி ஓடுவதால், வ. புதுப்பட்டியில் உண்மை நண்பகல் சராசரியாக 12 மணி 20 நிமிடத்துக்கு வருகிறது. ஆண்டின் பல்வேறு நாள்களில் அது 12.03 முதல் 12.34 வரை மாறும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வந்து நிழலே மறைந்துவிடுமாதலால் அந்த நாள்களில் இம்முறை பயன்படாது.

மலை குறுக்கே நின்றால்?

வ. புதுப்பட்டிக்கு மேற்கிலிருந்து வடக்கு வரை மேற்குத் தொடர்ச்சி மலை அரண்போல நிற்கிறது. பிளவக்கல் அணைக்கு அப்பால் தெரியும் மலைகளும், சதுரகிரியும் அந்த வரிசையில் உள்ளவை. லண்டன், நியூயார்க் ஆகிய இரண்டுக்கும் உரிய திசைகள் இந்த மலைகளின் மேலேயே செல்கின்றன. மிகத் தொலைவிலிருந்து அயனி மண்டலம் வழியே வரும் அலைகள் தொடுவானத்தை ஒட்டி, சில பாகைகள் முதல் பதினைந்து பாகை வரையிலான தாழ்ந்த கோணத்தில் வருவதே வழக்கம். மலை அவற்றுள் ஒரு பகுதியை மறைத்துவிடும்.

எவ்வளவு மறைக்கும் என்பதைப் பத்தாம் வகுப்பில் படித்த ஏற்றக்கோணத்தைக் கொண்டே கணக்கிடலாம். கூகுள் எர்த்தில் ஒரு கோட்டின் வழியே தரையின் ஏற்ற இறக்கத்தைப் பக்கவாட்டுப் படமாகப் பார்க்க முடியும். நம் வீட்டைவிட 1,500 மீட்டர் உயர்ந்த சிகரம் ஒன்று 6 கி.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். 1,500-ஐ 6,000-ஆல் வகுத்தால் 0.25. டேன்ஜென்ட் மதிப்பு 0.25 ஆக உள்ள கோணம் 14 பாகை. அதற்குக் கீழே வரும் அலைகளுக்கு மலை தடையாக நிற்கும். மலை முகட்டில் சிறிது வளைந்து கீழே இறங்கும் அலைகளே மிஞ்சும்.

இந்தத் தடைக்கும் ஒரு மாற்று உண்டு. பெருவட்டம் ஒரு முழு வட்டமல்லவா? எதிர்ப்புறமாகக் கிளம்பினாலும் அதே நியூயார்க்கை அடையலாம். 334-இலிருந்து 180-ஐக் கழித்தால் 154 பாகை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையே, மலையில்லாத சமவெளியை நோக்கிய திசை அது. இந்தியப் பெருங்கடல், அண்டார்க்டிக்காவை ஒட்டிய கடல், பசிபிக் எனச் சுற்றிச் செல்லும் அந்த வழியின் நீளம் 26,300 கி.மீ. ஹாம்கள் இதை நெடுவழி என்பர். அயனி மண்டலம் இடம்கொடுக்கும் சில வேளைகளில் குறுவழியைவிட நெடுவழியே நன்றாகக் கேட்பதுண்டு.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

மூன்று கம்பி யாகியின் கற்றை அகலம் ஏறக்குறைய 60 பாகை. அதாவது, நடுத்திசையிலிருந்து 30 பாகை விலகினால் திறன் பாதியாகக் குறையும். ஆகவே ஐந்து, பத்துப் பாகைப் பிழையை யாகி மன்னித்துவிடும். ஐம்பது பாகைப் பிழையை மன்னிக்காது.

செயற்கைக்கோளைப் பார்க்கும் கிண்ண ஆன்டெனா இவ்வளவு தாராளம் காட்டாது. கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 என்ற செயற்கைக்கோள் 2018 நவம்பர் 15 அன்று ஏவப்பட்டது. கியூ.ஓ-100 என்ற பெயரில் ஹாம்களுக்கான கருவியையும் அது சுமந்து செல்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 35,800 கி.மீ. உயரத்தில், 25.9 பாகைக் கிழக்குத் தீர்க்கத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் வானில் அசையாமல் நிற்பதுபோல் தோன்றுகிறது. இணைய வரைபடத்தில் அந்தப் புள்ளியைத் தேடினால் காங்கோ நாட்டின் கிசங்கானி நகருக்கு அருகே விழுகிறது. நம் வீட்டிலிருந்து அங்கே ஒரு கோடு போடுங்கள். திசைக்கோணம் 262 பாகைக்குச் சற்று அதிகம். மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்காக உள்ளது. அந்தத் திசையில் 30 பாகை ஏற்றக்கோணத்தில் செயற்கைக்கோள் இருக்கிறது. மேலே கண்ட 14 பாகை மலை அதை மறைக்காது. ஆனால் பக்கத்துத் தென்னை மறைக்கலாம். கிண்ணத்தைவிட 8 மீட்டர் உயர்ந்த மரம் 14 மீட்டருக்குள் நின்றால் தொல்லைதான்.

கியூ.ஓ-100 கீழே அனுப்பும் அலையின் நீளம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. கழற்றிப்போட்ட 60 சென்டிமீட்டர் டி.டி.எச். கிண்ணத்துக்கு இந்த அலையில் கற்றை அகலம் 3 பாகைக்குச் சற்று அதிகம். இரண்டு பாகை தவறினாலே ஒலி தேய்ந்துவிடும். வரைபடக் கோட்டையும் அடையாளத்தையும் இங்கே மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இந்தியாவும் ஹாம்களுக்கென ஒரு செயற்கைக்கோளைச் செய்தது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ஏவுகலத்தில் சென்ற ஹாம்சாட் 2014 வரை பணிபுரிந்தது. அது தாழ்ந்த பாதையில் சுற்றியதால், தலைக்கு மேல் கடந்துசெல்லும் சில நிமிடங்களில் ஆன்டெனாவையும் கூடவே திருப்பிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஒரு டிசம்பர் காலை

இவ்வளவு பாடுபட்டு எங்கோ இருப்பவரோடு பேசி என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானின் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தது. பல ஆண்டுகளாக அங்கிருந்து ஹாம்கள் யாரும் பேசியதில்லை. அதனால் அந்தக் குழுவின் வி.யூ.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறியைப் பிடிக்க உலகெங்கும் ஹாம்கள் தங்கள் ஆன்டெனாக்களை அந்தமான் பக்கம் திருப்பி வைத்திருந்தனர். டிசம்பர் 26 காலையில் நிலம் நடுங்கியது; ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசிகள் அடங்கின. விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்த அந்த நிலையம் அவசரச் செய்தி நிலையமாக மாறியது. தீவில் இருந்தவர்கள் நலமா என்ற கேள்விகளும் விடைகளும் அதன் வழியே நாட்டின் பிற பகுதிகளுக்குச் சென்றன.

அப்படிப்பட்ட வேளையில் "தெரியுதா, தெரியுதா" என்று கூவித் திசை தேட நேரம் இருக்காது. எந்த ஊருக்கு எந்தக் கோணம், மாடியிலிருந்து பார்த்தால் எந்த அடையாளம் என்ற பட்டியல் முன்கூட்டியே சுவரில் இருக்க வேண்டும். மேலே தந்த பட்டியலில் போர்ட் பிளேரைச் சேர்த்ததற்குக் காரணம் இதுவே.

நீங்களும் செய்யலாம்

இதைச் செய்து பார்க்க வானொலிக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கால்பந்திலோ பூகோள உருண்டையிலோ நூலை இழுத்துப் பாருங்கள். பிறகு உங்கள் பள்ளி மாடியை இணைய வரைபடத்தில் கண்டுபிடித்து, பத்து உலக நகரங்களுக்குக் கோடு போட்டு, ஒவ்வொன்றும் உங்கள் ஊரில் எதன்மேல் செல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாடியின் கைப்பிடிச் சுவரில் அந்தத் திசைகளில் ஊர்ப் பெயர்களை எழுதி வைக்கலாம். ஹாம் ஆக விரும்புவோர் 12 வயது நிறைந்திருந்தால் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். மின்கம்பி போகும் பக்கத்தில் ஆன்டெனாக் குழாயை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். குழாய் சாய்ந்தால் எவ்வளவு தூரத்துக்கு விழும் என்பதை அளந்து, அதற்கு அப்பால் மின்கம்பி இருக்கிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

என் மாணவர் ஆன்டெனாவை வடமேற்கு மலைப்பக்கம் திருப்பி வைத்தார். உடனே அமெரிக்கா கேட்டுவிடவில்லை. அயனி மண்டலமும் மனம் வைக்க வேண்டுமே! பதினொரு நாள் கழித்து ஒரு மாலைப்பொழுதில் என் செல்பேசி ஒலித்தது. அவர் ஒன்றும் பேசாமல் தம் செல்பேசியை வானொலியின் ஒலிபெருக்கிக்கு அருகில் பிடித்தார். இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குரல் ஒன்று நியூயார்க் மாநிலத்திலிருந்து அவருடைய அழைப்புக்குறியை ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

தொடக்கத்தில் நீங்கள் கை நீட்டிய திசை எது? மேற்காக இருந்தால் வருந்த வேண்டாம். எழுந்து, வடக்குப் பக்கம் திரும்பி நில்லுங்கள். அமெரிக்கா உங்கள் முகத்துக்கு நேரே இருக்கிறது.